1 டெஸ்ட், 18 ரன், 1 விக்கெட்: எம்.ஜே.கோபாலன் பெயர் ஏன் இன்னும் பேசப்படுகிறது?

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் டிஎன்பிஎல் இறுதிப் போட்டி. திருப்பூர் தமிழன்ஸ் 20 ஓவரில் 220 ரன். திண்டுக்கல் டிராகன்ஸ் 102-க்கு ஆல் அவுட். 118 ரன் வித்தியாசத்தில் முதல் கோப்பை. மறுநாள் காலை ஷிப்ட் தொடங்குவதற்குள் அந்த ஸ்கோர்கார்டு எத்தனை வாட்ஸ்அப் குரூப்புகளைச் சுற்றி வந்திருக்கும் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம்பரைப் பார்த்தே ஆளையும் சரக்கையும் எடைபோடுகிற ஊர் இது. நூலுக்கு கவுண்ட், துணிக்கு ஜிஎஸ்எம், டெய்லருக்கு பீஸ் ரேட், கம்பெனிக்கு ரிஜெக்‌ஷன் சதவீதம். கிரிக்கெட்டையும் அப்படித்தான் பார்க்கிறோம். ஸ்ட்ரைக் ரேட் என்ன, எகானமி என்ன, ஆவரேஜ் என்ன?

அந்தக் கண்ணோடு இந்த வரியைப் படித்துப் பாருங்கள். டெஸ்ட் போட்டிகள் 1. ரன் 18. அதிகபட்சம் ஆட்டமிழக்காமல் 11. விக்கெட் 1. அவ்வளவுதான். இந்த நம்பரோடு ஒரு பிளேயர் ஏலத்துக்கு வந்தால் யாரும் கை தூக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த வரிக்குச் சொந்தக்காரர்தான் ரஞ்சி டிராபி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர். தியான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணிக்கு ஆடியவர். கிட்டத்தட்ட கையில் இருந்த ஒலிம்பிக் தங்கத்தை விட்டுவிட்டு கிரிக்கெட் கப்பலில் ஏறியவர். அவர் பெயரிலேயே பின்னாளில் இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு கோப்பை நடந்தது.

யார் இந்த கோபாலன்?

முழுப்பெயர் மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன். முதல் பெயர், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள சொந்த ஊர். 1909 ஜூன் 6 அன்று பிறந்தார் என்பது கிரிக்கெட் பதிவேடுகளில் உள்ள தேதி. வளர்ந்து ஆடியதெல்லாம் சென்னை திருவல்லிக்கேணியில்.

அன்றைய சென்னை கிரிக்கெட் இன்று நாம் நினைப்பதுபோல் இல்லை. சேப்பாக்கம் மைதானம் ஐரோப்பியர்களின் கிளப் கையில் இருந்தது. இந்தியர்கள் தங்களுக்கென்று கிளப் தொடங்கி, தனியாக ஆடி, பிறகு வெள்ளைக்காரர்களுக்கு எதிராகக் களமிறங்கினார்கள். அதற்கு வழி போட்டவர் புச்சிபாபு நாயுடு. அவர் 1908-ல் இறந்துவிட்டார். ஆனால் அவர் முயற்சியில் பிறந்த இந்தியர் - ஐரோப்பியர் ஆட்டம், பொங்கல் சீசனில் நடக்கும் பிரசிடென்சி மேட்ச்சாக நிலைத்தது. ஊரே திரண்டு வரும் விசேஷம் அது.

இந்தச் சூழலில் கோபாலனைக் கண்டுபிடித்தவர் ஒரு ஐரோப்பியர் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். பெயர் சி.பி.ஜான்ஸ்டன். சென்னை கிரிக்கெட்டின் பெரிய புள்ளி, வேலை பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில். கோபாலனின் வேகப்பந்தைப் பார்த்துப் பிடித்துப்போக, அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பிலும் சேர்த்துவிட்டார்.

இதைச் சின்ன விஷயம் என்று கடந்து போக முடியாது. ஐபிஎல் காண்டிராக்ட், மேட்ச் ஃபீஸ் என்று எதுவும் இல்லாத காலம். சமஸ்தான ராஜாவின் ஆதரவு வேண்டும், இல்லாவிட்டால் லீவு கொடுக்கிற கம்பெனி வேண்டும். இரண்டும் இல்லாதவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்தான். (அந்த பர்மா ஷெல்தான் 1976-ல் அரசுடைமையாகி இன்றைய பாரத் பெட்ரோலியம் ஆனது.)

கொல்கத்தாவில் 4 நாள்

இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் தொடர் 1933-34-ல் நடந்தது. எதிரணி டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து. முந்தைய சீசனில்தான் ஆஸ்திரேலியாவில் பாடிலைன் பந்துவீச்சால் உலகையே கொந்தளிக்க வைத்துவிட்டு வந்திருந்த ஜார்டின்.

இரண்டாவது டெஸ்ட் 1934 ஜனவரி 5 அன்று கொல்கத்தாவில் தொடங்கியது. கோபாலனுக்கு இந்தியத் தொப்பி கிடைத்தது. கேப்டன் சி.கே.நாயுடு. பின்னாளில் பெரிய பெயரெடுத்த முஷ்டாக் அலிக்கும் அதுதான் முதல் டெஸ்ட்.

இங்கிலாந்து 403. இந்தியா 247, ஃபாலோ ஆன் ஆகி 237. வெற்றிக்கு 82 தேவை என்ற நிலையில் இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 7 ரன் எடுத்திருந்தபோது நேரம் முடிந்தது. டிரா. இதில் கோபாலனின் பங்கு 114 பந்து, 39 ரன், 1 விக்கெட். பேட்டிங்கில் ஆட்டமிழக்காமல் 11, பிறகு 7. முதல் டெஸ்ட் ஆடும் வேகப்பந்து வீச்சாளருக்கு இது மோசமான கணக்கு இல்லை. ஓவருக்கு 2 ரன்தான் விட்டிருக்கிறார்.

அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில், சேப்பாக்கத்தில். சென்னையின் முதல் டெஸ்ட் போட்டி. சொந்த ஊர், சொந்த மைதானம், கூட்டமும் சொந்தக் கூட்டம். அணியில் கோபாலன் இல்லை. அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தும் இந்தியா 202 ரன்னில் தோற்றது.

அதன்பிறகு கோபாலன் டெஸ்ட் ஆடவே இல்லை.

ஒரே ஒரு ஆட்டத்தோடு பதிவேட்டில் நின்றுபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உடம்பு ஒரு கலர், கை இன்னொரு கலர் என்று ராக்லான் கை வைத்த டி-ஷர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். பேஸ்பால் டீ என்பார்கள். அந்த பேஸ்பால் ஆட்டத்தில் அமெரிக்காவின் ஆர்ச்சிபால்ட் கிரஹாம் என்பவர் 1905-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஒரே ஒரு மேட்ச்சில், கடைசி நேரத்தில் களமிறங்கினார். பேட் பிடிக்கும் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. பிறகு டாக்டராகி ஒரு சுரங்க ஊரில் வாழ்க்கை முழுவதும் வைத்தியம் பார்த்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஒரு நாவலும் சினிமாவும் வந்து அவரை ஊரறியச் செய்தன. கோபாலனுக்கு அப்படி யாரும் சினிமா எடுக்கவில்லை. ஆனால் அவர் கதையில் அதைவிடச் சரக்கு அதிகம்.

ஒரே நாளில் முடிந்த ரஞ்சி மேட்ச்

1934 நவம்பர் 4. மன்னர் ரஞ்சித்சிங்ஜி இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவர் நினைவாக பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் கோப்பை கொடுக்க, மாகாண அணிகளுக்கு இடையே தேசிய சாம்பியன்ஷிப் தொடங்கியது. அதன் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில். மெட்ராஸ் எதிர் மைசூர்.

முதல் பந்தை வீசியவர் கோபாலன். எதிர்கொண்டவர் மைசூரின் என்.கர்டிஸ். மெட்ராஸ் கேப்டன், கோபாலனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த அதே ஜான்ஸ்டன்.

ஸ்கோர்கார்டு இப்படி இருக்கிறது: மைசூர் 48. மெட்ராஸ் 130. மைசூர் மறுபடியும் 59. மைசூரின் இரண்டு இன்னிங்ஸையும் கூட்டினால் 107. மெட்ராஸ் ஒரே இன்னிங்ஸில் எடுத்ததில் அதைக் கழித்தால் 23. எனவே இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் மெட்ராஸ் வெற்றி. பல நாள் ஆடத் திட்டமிட்ட மேட்ச் அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. 30 விக்கெட், 237 ரன். இன்று நல்ல பிட்ச்சில் ஒரு டி20 அணி தனியாகவே இந்த ரன்னை எடுத்துவிடும்.

அன்றைய ஹீரோ கோபாலன் அல்ல. இடக்கை சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி.ராம்சிங். முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5. மொத்தம் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். இவ்வளவு எடுத்த ராம்சிங்குக்குக் கடைசிவரை ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார்கள். கிருபால் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார். ராம்சிங்கின் டெஸ்ட் கட்டம் மட்டும் காலி. அந்த வகையில் பார்த்தால் கோபாலன் அதிர்ஷ்டசாலி.

முதல் பந்தை வீசியவர் யார் என்பதைச் சொல்ல ஸ்கோர்கார்டில் கட்டம் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். ராம்சிங்கின் 11 விக்கெட் தெரியும். கோபாலனின் அந்த ஒரு பந்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் நம் வரைக்கும் வந்திருக்கிறது.

584 கோல், ஒரு சென்டர் ஹாஃப்

ரஞ்சி தொடங்கிய சில மாதங்களில் கோபாலன் கையில் பேட்டுக்குப் பதில் ஹாக்கி ஸ்டிக். 1935-ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணம் கிளம்பியது. கேப்டன் தியான்சந்த். கோபாலன் சென்டர் ஹாஃப்.

அந்தப் பயணத்தின் புள்ளிவிவரம் இன்று படித்தாலும் நம்ப முடியாத மாதிரி இருக்கும். வழியில் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடியதையும் சேர்த்து 48 ஆட்டம். அடித்த கோல் 584. வாங்கியது 40. சராசரியாக ஒரு மேட்ச்சுக்கு 12 கோல். தியான்சந்த் மட்டும் 201. அந்தப் பயணத்தில்தான் அடிலெய்டில் டான் பிராட்மேனும் தியான்சந்தும் சந்தித்துக்கொண்டார்கள்.

இந்த 584-ல் கோபாலனின் பங்கு என்ன? சொல்வது கஷ்டம். ஹாக்கி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். அன்றைய ஆட்ட முறையில் முன்வரிசையில் 5 ஃபார்வர்டுகள், பின்னால் 3 ஹாஃப் பேக்குகள், 2 ஃபுல் பேக்குகள், ஒரு கோல் கீப்பர். நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப்தான் அச்சாணி. எதிரணியின் தாக்குதலை உடைத்து, பந்தைப் பறித்து, ஃபார்வர்டுக்குத் தள்ளிவிட வேண்டும். ஆட்டம் முழுக்க ஓட்டம், கோல் கணக்கில் பெயர் வருவதோ அபூர்வம். கோல் அடித்தவர் பெயர் பேப்பரில் வரும். பந்து அவரிடம் எப்படி வந்தது என்பது வராது.

1936: இரண்டு டிக்கெட், ஒரு ஆள்

அடுத்த ஆண்டு கோபாலன் முன்னால் இரண்டு வழி. ஒன்று பெர்லின் ஒலிம்பிக். தியான்சந்த் அணியில் ஏற்கெனவே ஆடியவர் என்பதால் இடம் கிட்டத்தட்ட நிச்சயம். இன்னொன்று இங்கிலாந்து செல்லும் இந்திய கிரிக்கெட் அணி. இரண்டும் ஒரே கோடையில். இரண்டுக்கும் போக முடியாது.

வெறும் நம்பரை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. இந்திய ஹாக்கி 1928-லும் 1932-லும் தங்கம் வென்றிருந்தது. 1932-ல் அமெரிக்காவை அடித்தது 24-1. இந்திய கிரிக்கெட் அதுவரை ஆடியிருந்த மொத்த டெஸ்ட் 4, வெற்றி பூஜ்யம்.

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இன்று உட்கார்ந்துகொண்டு தப்புக் கணக்கு என்று சொல்வது சுலபம். ஆனால் லார்ட்ஸில் ஆடுவது என்றால் அன்றைய கிரிக்கெட் வீரனுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டும். அதுவும் தன்னுடைய ஒரே டெஸ்ட்டுக்குப் பிறகு சொந்த ஊரில் வெளியே உட்கார வைக்கப்பட்டவனுக்கு. ஹாக்கியில் அவர் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை. கிரிக்கெட்டில் இருந்தது.

போன இடமோ சரியில்லை. அந்த 1936 சுற்றுப்பயணத்தை இந்திய கிரிக்கெட்டின் மிக அசிங்கமான டூர் என்று தாராளமாகச் சொல்லலாம். கேப்டன் விஜயநகர மகாராஜ்குமார், சுருக்கமாக விஸ்ஸி. பணமும் செல்வாக்கும் வாங்கித் தந்த பதவி அது. 3 டெஸ்ட்டிலும் ஆடினார். 6 இன்னிங்ஸில் மொத்தம் 33 ரன். நல்ல ஃபார்மில் இருந்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்ட்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்று ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அணிக்குள் கோஷ்டி. சீனியரான சி.கே.நாயுடுவை காலைச் சாப்பாட்டு மேஜையில் அவமதித்ததற்குப் பரிசாகத்தான் பாகா ஜிலானிக்கு ஓவல் டெஸ்ட்டில் இடம் கிடைத்தது என்றொரு கதை இன்றும் உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, மிதவேகப்பந்து வீசிய ஜிலானிக்கும் அதுதான் ஒரே டெஸ்ட். அவருக்கு விக்கெட் விழவில்லை.

கோபாலனுக்கு லார்ட்ஸில் இடமில்லை. மான்செஸ்டரில் இல்லை. ஓவலிலும் இல்லை.

இங்கேதான் காலண்டர் ஒரு விளையாட்டு காட்டியது. பெர்லின் ஹாக்கி இறுதிப் போட்டி மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் 1936 ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. ஓவல் டெஸ்ட் தொடங்கியதும் அதே ஆகஸ்ட் 15. லண்டனில் வால்டர் ஹாமண்ட் இந்தியப் பந்துவீச்சை அடித்து நொறுக்கி 217 ரன் எடுத்தார்; பெவிலியனில் இருந்த கோபாலனால் ஒன்றும் செய்ய முடியாது. பெர்லினில் தியான்சந்த் அணி ஜெர்மனியை 8-1 என்று சாய்த்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கோல் 38. வாங்கியது அந்த ஒன்று மட்டும். ஓவல் டெஸ்ட்டை இங்கிலாந்து 9 விக்கெட்டில் ஜெயித்தது. தொடர் 2-0.

அதே டூரில் இன்னொரு சென்னைக்காரர் இருந்தார். புச்சிபாபுவின் மகன் கோட்டா ராமசாமி. டென்னிஸில் டேவிஸ் கோப்பை ஆடியவர், இவரும் இரட்டை விளையாட்டுக்காரர். 40 வயதில் டெஸ்ட் அறிமுகம். இரண்டு டெஸ்ட்டில் 40, 60, 29, ஆட்டமிழக்காமல் 41. சராசரி 56.66. சச்சினைவிட அதிகம்! ஆனால் ராமசாமியை சச்சினுக்கு மேல் வைக்க யாரும் துணிய மாட்டார்கள். சராசரி என்பது எத்தனை ஆட்டத்தின் சராசரி என்று கேட்காமல் பேசினால் இப்படித்தான் ஆகும். 1985-ல் ஒருநாள் வீட்டை விட்டுக் கிளம்பிய ராமசாமி திரும்பி வரவே இல்லை. அது தனிக் கதை.

78 மேட்ச்சின் கணக்கு

ஊர் திரும்பிய கோபாலன் ஆட்டத்தை விடவில்லை. மெட்ராஸுக்காகத் தொடர்ந்து பந்து வீசினார், ரன் எடுத்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் அவர் விட்டுச் சென்ற கணக்கு 78 ஆட்டம், 2,916 ரன், 194 விக்கெட். ஒரு சதம். சிறந்த பந்துவீச்சு 57 ரன்னுக்கு 7.

சுமார் 25 ஆண்டுக்கு 78 ஆட்டம் என்றால் கம்மியாகத் தெரியும். ஆண்டுக்கு 3 மேட்ச்தான். காரணம் எளிது. அன்றைய ரஞ்சி நாக் அவுட் முறை. முதல் ஆட்டத்தில் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், அடுத்த ஆண்டுவரை வேலையில்லை. இன்றைய ரஞ்சி வீரர் ஒரே சீசனின் லீக் சுற்றில் 7 ஆட்டம் ஆடுகிறார். நடுவில் உலகப் போர் வேறு வந்து சர்வதேச ஆட்டங்களை அடியோடு நிறுத்தியது. 1936-க்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946-ல். 27 வயதில் வெளியே உட்கார்ந்த கோபாலனுக்கு அப்போது 37.

இந்தப் பின்னணியோடு 194 என்ற எண்ணைப் படித்தால்தான் அதன் கனம் புரியும். இரண்டு ஆட்டத்துக்கு 5 விக்கெட் வீதம், கால் நூற்றாண்டு.

ஆடி முடித்தபின் 1950-களில் இந்திய அணியின் தேர்வாளர்களில் ஒருவரானார். ஒரு டெஸ்ட்டோடு ஓரங்கட்டப்பட்டவர், மற்றவர்களுக்கு டெஸ்ட் வாய்ப்பு கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் பெயரில் ஒரு கோப்பை

கோபாலனின் 25 ஆண்டு கிரிக்கெட் வாழ்க்கையைக் கொண்டாட 1952-53-ல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆண்டுப் போட்டி தொடங்கப்பட்டது. பெயர் கோபாலன் டிராபி. சில முறை சென்னையில், சில முறை இலங்கையில்.

சென்னைக்கு அது காலண்டரில் இன்னொரு மேட்ச். அன்றைய சிலோனுக்கு அப்படியல்ல. டெஸ்ட் அந்தஸ்து இல்லை. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் ஒரு நாள் இறங்கி ஆடிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட நாட்டு வீரர்களுக்கு வெளிநாட்டு அணியோடு முறையாக, முதல்தர அந்தஸ்தோடு ஆட அடிக்கடி கிடைத்த வாய்ப்புகளில் முக்கியமானது இதுதான். பாக் ஜலசந்தியைத் தாண்டி சேப்பாக்கத்துக்கு வந்து பழகியவர்கள் மூன்று தலைமுறை.

இலங்கைக்கு 1981-ல் டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. இந்தியாவோடு அவர்கள் ஆடிய முதல் டெஸ்ட், 1982 செப்டம்பரில். இடம் சேப்பாக்கம். துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 அடித்தார். மேட்ச் டிரா. கோபாலன் டிராபிக்கான தேவை அத்தோடு குறைந்துபோய், ஆண்டுதோறும் நடந்த அந்தப் போட்டியும் நின்றது.

அப்போது கோபாலனுக்கு 73 வயது. அதற்குப் பிறகும் 21 ஆண்டு சென்னையில் வாழ்ந்தார். 2003 டிசம்பர் 21 அன்று 94-வது வயதில் இறந்தபோது, உயிரோடு இருந்த உலகின் மிக மூத்த டெஸ்ட் வீரர்களில் ஒருவர். டெஸ்ட் 1, ரன் 18, விக்கெட் 1.